அறுபத்தொன்றாம் நம்பர் ரிமோட்

விற்பவர், வாங்குபவர் என்று உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள் என்றா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. பழைய சாமான் எதுவானாலும் பார்த்துச் சொல்லக் கூடவே வருகிறவர். அவருக்குக் காசு வேண்டாம். புதினாத் தேநீரும், தான் 'உம்' கொட்டும்வரை எல்லோரும் காத்திருக்கும் சுகமும் போதும்.

காஸாபிளாங்காவில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஹாஜி புவஸ்ஸா.

ஷகீப் ஏழு மாதம் கட்டை சீவி, ஒட்டி, மஞ்சள் பூசிக் கட்டிய குட்டி விமானத்தை மாமா மகனின் ரிமோட்டை இரவல் வாங்கித்தான் பறக்கவிட்டான். மாமா மகனோ செவ்வாய்க்கிழமை ரிமோட்டோடு கனடாவுக்குப் போகிறான். அதற்குள் பழைய ரிமோட் ஒன்று வாங்கியாக வேண்டும். வாங்கியிருப்பான். ஹாஜியை அல்லவா கூட்டிப்போனான்!

ரிமோட்டைக் கையில் வாங்கியதும் ஹாஜி முகர்வார், காதோரம் வைத்து ஆட்டுவார், ஏரியலை நீட்டி முழம் போடுவார், பேட்டரி மூடியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து, கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்து, வேண்டாமென்று கையசைப்பார். ஒரே வாரத்தில் நான்கு ரிமோட் பலி.

"இதுல என்ன குறை ஹாஜி?"

"குறை இருந்தா சொல்லியிருப்பேன் தம்பி. ஒண்ணுமே இல்லாததுதான் சந்தேகமா இருக்கு."

ஐந்தாவதை, அதை விற்க வந்த மீலூத் என்பவர், ஞாயிறு காலை விமானம் பறக்கவிடும் மைதானத்துக்கே கொண்டுவந்தார்.

"விமானத்துக்குள்ள இருக்கிற ரிசீவர் அறுபத்தொண்ணாம் நம்பர் அலைவரிசை. ரிமோட்டும் அதே நம்பரா இருக்கணும். இல்லேன்னா கல்யாணம் ஒருத்தியோட, குடித்தனம் இன்னொருத்தியோட!" என்றார் ஹாஜி.

"அதே அறுபத்தொண்ணுதான், பாத்துக்குங்க," என்று ரிமோட்டை நீட்டினார் மீலூத்.

அந்த மைதானத்தில் சட்டம் ஒன்றே ஒன்று. பலகையில் நம்பர் எழுதிய துணி கிளிப்புகள் தொங்கும். உங்கள் நம்பர் கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிய பிறகே ரிமோட்டை ஆன் செய்யலாம். கிளிப்பைக் காணோமென்றால் அந்த நம்பரில் யாரோ வானத்தில் இருக்கிறார்; கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரே நம்பரில் இரண்டு ரிமோட் பேசினால் விமானத்துக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அன்று அறுபத்தொன்றாம் கிளிப் ஷகீப்பின் காலரில் இருந்தது. இரவல் ரிமோட்டில் கடைசியாக ஒரு சுற்று விட்டுக்கொண்டிருந்தான்.

"ஷகீப் இறக்கட்டும் ஹாஜி. கிளிப் அவன்கிட்ட இருக்கு," என்றார் மீலூத்.

"கிளிப்பெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு. விளக்கு எரியுதான்னு மட்டும் பாத்துட்டு அணைச்சிடறேன்."

விளக்கு எரிந்தது.

மேலே மஞ்சள் விமானம் ஒருமுறை உதறியது. குட்டிக்கரணம் போட்டது. ஷகீப் குச்சியை எவ்வளவு இழுத்தும் கேட்காமல், அறுவடை முடிந்த பார்லி வயலைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு இறங்கியது.

"அணைங்க ஹாஜி! அணைங்க!"

அணைத்தார். அதற்குள் அங்கே தூசி அடங்கத் தொடங்கியிருந்தது. இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். ஹாஜி தூரத்தைக் கண்ணால் அளந்தார், முகம் மலர்ந்தது, ஷகீப்பின் தோளில் கை போட்டார்.

"பாதி பேட்டரியிலயே நானூறு மீட்டர் புடிக்குது தம்பி! கண்ணை மூடிக்கிட்டு வாங்கு!"

ஷகீப் வாங்கவும் செய்தான். ரிமோட் அருமையாக வேலை செய்கிறது. பறக்கத்தான் ஒன்றும் இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நடுவில் எங்கேயாவது, 'ரிமோட்டால விழுந்திருக்காது, வால்ல ஒட்டு விட்டிருக்கும்' என்று உங்கள் மனதில் ஓடியதா? அப்படியானால் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் யாரோ பழைய ஸ்கூட்டர் பார்க்கப் போகிறாராம். அவராகக் கூப்பிடட்டும், அதுவரை செருப்பை மாட்டாதீர்கள்.