நூற்று அறுபத்து மூன்று பேர் பார்த்த ஆட்டம்

தெமோதரை,
நவம்பர் 18.

பெருமதிப்பிற்குரிய தர்மலிங்கம் மாமாவுக்கு,

மருமகள் மேனுஷா வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறேன். பதுளையில் நீங்களும் அத்தையும், உங்கள் முழங்காலும், துணிக்கடையும் அவ்வாறே நலமாக இருக்க வேண்டும். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அதில் நான் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் நீங்கள் நான்கு சொல்லிவிடுவீர்கள். இந்தச் செய்தியைக் குறுக்கீடு இல்லாமல் சொல்ல ஆசை. அதனால்தான் கடிதம்.

நம் ஒப்பந்தம் உங்களுக்கு நினைவிருக்கும். நான் ஏற்பாடு செய்த நவீன நடன நிகழ்ச்சிக்கு, பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காமல், நூறு பெரியவர்கள் வராவிட்டால் இந்தத் தோட்டப் பாடசாலையை விட்டு, நீங்கள் பேசி வைத்திருக்கும் பதுளைப் பாடசாலைக்கே மாற்றலாகி வந்துவிடுவேன் என்று ஒப்புக்கொண்டேன். அந்த நூறு பேர் வந்துவிட்டால் மாற்றல் என்ற சொல்லை நீங்கள் எடுக்கக் கூடாது. அன்று நீங்கள், "சலங்கை இல்ல, பாட்டு இல்ல, சிரிப்பு இல்ல, தரையில உருளுறதுக்குப் பேரு நடனமா? நூறு பேரு எதுக்கும்மா, நாப்பது பேரு வந்தா நான் கடைய மூடிட்டு வந்து பாக்குறேன்" என்றீர்கள். வந்தவர்கள் நூற்று அறுபத்து மூன்று பேர். நீங்கள் வரவில்லை என்பதைப் பணிவுடன் குறிப்பிடுகிறேன்.

அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பாடசாலையில் அழகியல் பாடத்துக்கு இருப்பது வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை ஒன்றுதான். அதையும் கணித ஆசிரியர் கஜேந்திரன் சேர் தனக்குத் தரும்படி இரண்டு பள்ளித் தவணையாக அதிபரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்டம் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது, ஆகவே பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். கதை என்ன என்று கேட்கக் கூடாது. முதலில் கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும், பிறகு அதைப் பார்த்தபோது உன் உடம்புக்கு என்ன தோன்றியது என்று சொல்ல வேண்டும். வீட்டுப்பாடம், வீட்டில் வேலை செய்யும் யாராவது ஒருவரைப் பத்து நிமிடம் பேசாமல் பார்த்து எழுதிவருவது. இதன் விளைவாக மாமா, ஒரு வாரம் முழுக்க எங்கள் தோட்டத்து லயன் வீடுகளில் ஒருவராலும் நிம்மதியாகக் குனிய முடியவில்லை. கம்சலா என்ற பிள்ளையின் தாய் பரிமளம், கொழுந்துக் கூடையும் கையுமாக வகுப்பறை வாசலில் வந்து நின்று, "எம்புள்ள என்னைய பேயப் பாக்குற மாதிரி பாக்குது டீச்சர், எனக்கு ரொட்டியே வட்டமா வரமாட்டேங்குது" என்று முறையிட்டார். நான் கம்சலாவின் கொப்பியை எடுத்து வாசித்தேன். 'அம்மா ரொட்டி தட்டும்போது அவருடைய இடது கால் பெருவிரல் தரையை விட்டு எழும்பும். ரொட்டி கல்லில் விழுந்த பிறகுதான் அது கீழே வரும்.' பரிமளம் தன் காலைப் பார்த்தார். பிறகு, "இன்னொருக்கா வாசிங்க டீச்சர்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்து தாய்மார் வந்தார்கள், அதற்கடுத்த வாரம் பதினாறு பேர். தங்களைப் பற்றி எழுதியதைக் கேட்கத்தான் வந்தார்கள், ஆனால் அடுத்தவரைப் பற்றி எழுதியதையும் கேட்டுவிட்டு, "அது அப்பிடி இல்ல, அவ வலது தோளத்தான் மொதல்ல எறக்குவா" என்று திருத்தத் தொடங்கினார்கள். நூற்று அறுபத்து மூன்று பேரின் ஆரம்பம் அந்தப் பெருவிரல்தான்.

இனி ஞாயிற்றுக்கிழமை. ஆட்டம் மூன்று மணிக்கு. இரண்டரைக்கே மண்டபம் நிரம்பிவிட்டது. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கங்காணி சின்னராசா, "ஞாயித்துக்கெழம எல்லாரும் இஸ்கூலுக்குப் போகணும், எதுக்குன்னு கேக்கக் கூடாதாம்" என்று அறிவித்திருந்ததும் ஒரு காரணம். வெள்ளிக்கிழமைப் பாடவேளையை வைப்பதா எடுப்பதா என்று தீர்மானிக்க, பதுளைப் பணிமனையிலிருந்து உதவிக் கல்விப் பணிப்பாளர் வந்து முன்வரிசையில் அமர்ந்தார். அவர் பக்கத்தில் கஜேந்திரன் சேர், கைக்கடிகாரத்துடன். எல்லோரும் வந்தாயிற்று, ஆடுகிறவர்கள் மட்டும் வரவில்லை. கொழும்பிலிருந்து வந்த அவர்களுடைய வேன், ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டதால் நின்றுவிட்டது. முதல் நாளே வந்துசேர்ந்தவை ஒரு சின்ன லொறியும், மேடைத் தரை போடும் ஷாமிலும் ஸரூக்கும்தான். நான் சிக்னலைத் தேடி மைதானத்தின் மேல் மூலைக்கு ஓடி, நடனக் குழுத் தலைவர் கிரிஷாந்தனுடன் பேசிவிட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்பினால், மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. மேடைத் திரையின் கம்பி அறுந்து திரை கீழே கிடந்தது. ஷாமிலும் ஸரூக்கும் கறுப்பு ரப்பர் விரிப்பை உருட்டி, முழங்காலில் நகர்ந்து நகர்ந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு இருக்காது, வேஷம் இருக்காது, சிரிக்க மாட்டார்கள், தரையோடு தரையாகத்தான் இருப்பார்கள் என்று ஒரு தவணை முழுக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான். நடன மொழியை இவ்வளவு சுத்தமாகப் பின்பற்றிய இரண்டு பேரை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். பணிப்பாளர் என் பக்கம் சாய்ந்து, "துணிச்சலான தொடக்கம் டீச்சர்" என்று கிசுகிசுத்தார். வாயை மூடிக்கொண்டேன். இதற்காக வெட்கப்பட ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன், இன்று இல்லை.

கடைசித் துண்டை ஒட்டி ஸரூக் கையைத் தட்டிவிட்டு எழுந்தபோது மண்டபமே கைதட்டியது. ஸரூக் பின்னால் திரும்பி, யாருக்கு என்று பார்த்தார். அப்போது பரிமளம் எழுந்து ஷாமிலைப் பார்த்தார். "தம்பி, ஒண்ணு கேக்கணும். அந்த நீட்டுத் துண்ட ஒட்டுறப்ப மட்டும் ஏன் எங்களத் திரும்பித் திரும்பிப் பாத்தீங்க? மத்ததெல்லாம் நெசமா இருந்துச்சு. அது மட்டும் நடிப்பு மாதிரி இருந்துச்சு."

ஷாமிலின் காது சிவந்துவிட்டது. "அக்கா, நான் பதினோரு வருசமா தரை போடுறேன். ஒருத்தரும் பாத்ததில்ல. வெக்கமாப் போச்சு, அதான். ஆட்டம் இன்னும் தொடங்கல்ல."

என் வேலை, பாடவேளை, நம் ஒப்பந்தம் எல்லாமே அந்த நிமிடத்தில் தொங்கின. பணிப்பாளர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். கஜேந்திரன் சேர் சிரிப்பதற்காக மூச்சை இழுத்தார். பரிமளம் யோசித்துவிட்டு, "அப்ப இன்னும் இருக்கா?" என்று சந்தோஷமாகக் கேட்டு உட்கார்ந்தார். ஒருவரும் எழுந்து போகவில்லை.

ஐந்து மணிக்கு வேன் வந்தது. ஆறு பேர் சேற்றுக் காலைக் கழுவிவிட்டு அப்படியே மேடை ஏறி முப்பத்தைந்து நிமிடம் ஆடினார்கள். அது எவ்வளவு அழகாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆகவே எழுதவில்லை. முடிந்ததும் கேள்விகள் தொடங்கின. கங்காணி சின்னராசா, "நல்லாத்தான் ஆடுனீங்க. ஆனா மொதல்ல வந்த தம்பிமாருக்குக் காலு தரையில இன்னும் நல்லாப் பதிஞ்சுச்சு" என்றார். ஒரு பெண், கிரிஷாந்தன் துள்ளுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் மூக்கால் மூச்சு இழுப்பதால் துள்ளப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்றார். கிரிஷாந்தன் ஒரு கொப்பியை வாங்கி அதைக் குறித்துக்கொண்டார். போகும்போது என்னிடம், "கொழும்பில் கைதட்டிவிட்டுக் கார் எடுக்கப் போய்விடுவார்கள். இப்படிப் பார்க்க இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். பிள்ளைகள் என்றேன்.

பணிப்பாளர் அன்று மாலையே பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டார். வெள்ளிக்கிழமைப் பாடவேளை இனி நிரந்தரம், அதை ஒருவரும் தொடக் கூடாது. நானும் நிரந்தரம். இந்த மலையை விட்டு நான் இறங்கப்போவதில்லை மாமா, அந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிடுங்கள்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். முழங்காலுக்கு எண்ணெய் மறக்க வேண்டாம். தோற்றாலும் என்னை ஆசீர்வதிக்கும் பெரிய மனது உங்களுக்கு உண்டு என்ற நம்பிக்கையுடன்,

உங்கள் மருமகள்,
மேனுஷா

பிற்குறிப்பு: கடித உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பணிமனையிலிருந்து கடிதம் வந்தது. அதனால் மூன்று நாளாக உறையை ஒட்டவில்லை. பணிப்பாளருக்கு ஞாயிற்றுக்கிழமை மிகவும் பிடித்துவிட்டதாம். எல்லாத் தோட்டப் பாடசாலைகளிலும் இந்தப் பாடத்தைத் தொடங்க வேண்டுமாம். அதைப் பொறுப்பாக நடத்த ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நான் பதுளைக்கு மாற்றப்பட்டிருக்கிறேன். மறுக்க வழியில்லை, கேட்டுப் பார்த்தேன். இங்கே என் வெள்ளிக்கிழமைப் பாடவேளை கஜேந்திரன் சேரிடம் ஒப்படைக்கப்படுகிறது. நேற்று அவர் யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் வந்து, முதல் வகுப்பில் பிள்ளைகளை எதைப் பார்க்கச் சொல்வது என்று கேட்டார். "பேசாமல் கரும்பலகையில் ஒரு கணக்கைச் செய்யுங்கள் சேர். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றேன். அவர் அப்போதே தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.