நாற்காலிக்கு மூன்றாம் கதிர்வீச்சு

நாற்காலியைச் சுற்றி மறுபடியும் மரப்பொடி கிடந்தது. நடத்துநருக்குக் கண் சிவந்தது.

பணிக்காலம் முழுவதும் பேருந்தில் நின்றே பிழைத்தவர் அவர். இனி எவனுக்கும் எழுந்து இடம் தருவதில்லை என்ற வைராக்கியத்தோடு, ஓய்வுபெற்ற அன்றே வாங்கிய நாற்காலி அது. மின்விசிறி தொங்கிய மர உத்தரத்துக்கு நேர்கீழே, காற்றில் முதல் உரிமை தமக்கே என்று போட்டிருந்தார்.

துடைப்பத்தோடு வந்த மனைவி, "இந்தப் பொடியைக் கூட்டிக் கூட்டி என் இடுப்பு போச்சு. இனியும் கொட்டினா நாற்காலி விறகுதான்" என்றாள்.

அவர் கோபம் மைத்துனன்மேல் திரும்பியது. மருத்துவமனை ஊசிகளையும் கையுறைகளையும் கதிர்வீச்சால் கிருமிநீக்கும் ஆலையில் வேலை பார்ப்பவன் அவன். மரத்தைத் துளைக்கும் பூச்சியும் அதில் மடியும் என்று சொல்லி, முந்தின நாள் காலையில் எடுத்துப்போன நாற்காலியை மாலையில் திருப்பியனுப்பியிருந்தான்.

"டேய், உன் கதிர் பூச்சியைக் கொன்னுச்சா, விருந்து வெச்சுச்சா?" என்று தொலைபேசியில் பாய்ந்தார்.

"முட்டைகூட மிஞ்சியிருக்காது மாமா."

"அப்போ செத்த பூச்சிதான் பொடி தள்ளுதா? அளவைக் கூட்டு."

இரண்டாம் முறை போய்வந்த நாற்காலி நிறம் மங்கிக் கறுத்திருந்தது. மறுநாளும் பொடி.

"இன்னும் கூட்டு."

"வேண்டாம் மாமா. அளவு மீறினா மரத்தோட நாரெல்லாம் அறுந்துடும். பாக்க மரமாத்தான் இருக்கும், உட்காந்தா ரொட்டி மாதிரி நொறுங்கும்."

"பஸ்ல எனக்கே சட்டம் பேசினவனை நடுவழியில இறக்கி விட்டவன் நான். கூட்டுடா."

மூன்றாம் முறை நாற்காலியைக் கொண்டுவந்த சுமைக்காரர், அதைப் பச்சைக் குழந்தையைப் போல் இறக்கிவைத்தார்.

"தொட்ட இடமெல்லாம் செதில் செதிலா வருதுங்கய்யா. பாத்து உட்காருங்க."

"என் நாற்காலியில உட்கார உன்கிட்ட சீட்டு வாங்கணுமா?"

வீம்போடு உட்கார்ந்தார். நான்கு கால்களும் ஒரே நேரத்தில் கைவிட்டன. முதுகு, கை, பிடிவாதம் எல்லாம் தரையில். உடம்புக்குச் சேதமில்லை, நாற்காலிதான் விறகுக்கும் உதவாமல் தூளாகிக் கிடந்தது.

மல்லாந்த நிலையிலேயே மைத்துனனைத் திட்ட வாயைத் திறந்தார். வாய்க்குள் ஏதோ பொலபொலவென்று விழுந்தது. தூவென்று துப்பினார்.

சுமைக்காரர் மெல்லத் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

"ஐயா, பொடி இந்த உத்தரத்துலேர்ந்துல்ல உதிருது. கழட்டித் தந்தீங்கன்னா, ஆலை போற வழிதானே, இதையும் ஏத்திக்கிட்டுப் போயிடறேன்."