துல்லியம் நூற்றுக்கு நூறு

"சார், இருபத்து நாலாம் பக்கத்தை நான் வாசிக்கணும்" என்று கேட்டுவிட்டேன். எங்கள் கம்பெனியில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம்: சனிக்கிழமை அரைநாள் லீவு, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி, ஒழுங்காக நகரும் மவுஸ். இதை மட்டும் ஒருபோதும் கேட்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள்.

மதுரை கே.கே. நகரில், ஒரு பல் டாக்டர் வீட்டு மாடியில் இருந்தபடி உலக அறிவையே காப்பாற்றிக்கொண்டிருந்த நிறுவனம் அது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. நானூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் அச்சான புத்தகங்களின் படங்கள் எங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். நாங்கள் எழுத்தெழுத்தாக அடித்து அனுப்புவோம். அங்கே பேராசிரியர்கள் அதைத் திறந்து வைத்து ஆராய்வார்கள். மனித குலத்தின் நினைவாற்றல் எங்கள் விரல்நுனியில் தொங்கியது என்றால் மிகையாகாது. இப்படிச் சொன்னவர் மேனேஜர் கோகுல்நாத் சார்.

அவருடைய மாபெரும் கண்டுபிடிப்பு இது: வாசிக்கிறவன் திருத்துவான், வாசிக்காதவன்தான் உள்ளது உள்ளபடி அடிப்பான். ஆகவே பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தவறியவர்களுக்கு முன்னுரிமை. நான் பி.ஏ. ஆங்கிலம் என்றதும் அவர் முகம் வாடியது. "பரவாயில்லம்மா, போகப் போக மறந்துரும்" என்று ஆறுதல் சொல்லி எடுத்துக்கொண்டார். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. தலைமுறை தலைமுறையாக நாங்கள் கட்டிக்காத்த 'தகுதி'யை மூன்றே வருடத்தில் தொலைத்திருந்தேன்.

ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் 'துல்லியம் நூற்றுக்கு நூறு'. அதற்கு மேல் உண்மை என்று ஒன்று கிடையாது. யாருக்கும் கதை பிடிபட்டுவிடாதபடி பக்கங்களைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துக் கொடுப்பார்கள்.

அப்படி ஒரு சின்னப் புத்தகத்தில் எனக்கு ஒன்பதாம் பக்கம் விழுந்தது. ஜோன் என்று ஒரு வேலைக்காரப் பெண், வயது பத்தொன்பது. எஜமானிக்குப் பாலில் விஷம் கலந்தாள் என்று வழக்கு. அவள் நீதிபதியிடம் கேட்டது ஒன்றுதான்: என்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு வாசித்துக் காட்டுங்கள். அத்தோடு பக்கம் முடிந்தது. அன்று உசிலம்பட்டி பஸ்ஸில் அந்தப் பெண் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாள்.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் இருபத்து நாலு. அதை அடித்தவர்கள் நாஸியாவும், எட்டு மாதமாகச் 'சிறந்த ஊழியர்' பரிசை யாருக்கும் விட்டுக்கொடுக்காத நல்லகாமனும். "அண்ணே, அந்தப் பிள்ளைய விட்டுட்டாங்களா, தூக்குல போட்டுட்டாங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"எந்தப் பிள்ளை?"

"நீங்க அடிச்ச பக்கத்துல இருக்கவ."

"என் பக்கத்துல பிள்ளையெல்லாம் இல்ல ஒச்சம்மா. முப்பத்தியோரு வரி இருந்துச்சு. ஓரத்துல இம்புட்டு மை அப்பியிருந்துச்சு."

அதனால்தான் மேனேஜரிடமே போய்க் கேட்டேன். "அவளுக்கு நானூறு வருசம் ஆச்சேம்மா. எப்படியும் செத்திருப்பா" என்றார். அவர் தர்க்கத்தில் ஓட்டை கிடையாது.

மறுநாள் மதியம் நாஸியா டிபன் பாக்ஸோடு எழுந்தாள். "அக்கா, நான் சாப்பிடப் போறேன். அந்தப் பக்கத்த மூட மறந்துட்டேன். நீங்க பாத்துறாதீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பார்த்தேன். இரண்டு சாட்சிகள். ஒருத்தி சமையற்காரி, இன்னொருவன் குதிரைக்காரன். பாலில் எதுவும் கலந்ததை இருவரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் இருவர் சொன்னதும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போனது. அது போதும் என்று ஜோனைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். அவள் கேட்டபடி யாரும் எதையும் வாசித்துக் காட்டியதாக ஒரு வரி இல்லை.

நாலு மணிக்கு 'விசாரணை'. நான் வாசித்ததற்கு ஆதாரம், என் உதடு அசைந்ததைக் கோகுல்நாத் சார் தன் கண்ணாடி அறையிலிருந்து பார்த்தது. ஒரு தாளை நீட்டினார்.

"சும்மா ஃபார்மாலிட்டிதான், புத்தகம் அனுப்புறவங்களுக்குக் காட்ட. கையெழுத்தப் போட்டுட்டுப் போய் வேலையப் பாரு. வாசிக்க வேணாம்."

எங்கள் அப்பா பத்திர ஆபீசில் கைநாட்டு வைத்த தாளில்கூட, 'படித்துக்காட்டக் கேட்டுச் சம்மதித்தேன்' என்று ஒரு வரி இருந்தது. யாரும் படித்துக் காட்டவில்லை, நிலமும் போய்விட்டது. ஆனாலும் மரியாதைக்கு ஒரு வரி போட்டிருந்தார்கள். இதில் அதுவும் இல்லை.

வாசித்தேன். எனக்கு ஆங்கிலம் தெரியாது, நான் அடித்த எதுவும் எனக்குப் புரிந்ததில்லை என்று சுத்தமான ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்துகள்: நல்லகாமன், நாஸியா.

"இது பொய் சார்."

"ரெண்டு பேர் போட்டிருக்காங்களேம்மா. ரெண்டும் ஒத்துப்போகுதுல்ல?"

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'வாசித்தேன்' என்று எழுதினேன். அடையாள அட்டையைக் கழற்றிக் கீபோர்டு மேல் வைத்துவிட்டுத்தான் அந்த அறைக்கே போயிருந்தேன். சாப்பாட்டுப் பையும் தோளிலேயே இருந்தது.

வாசலில் சாட்சிகள் இருவரும் நின்றார்கள். "அதுல என்னக்கா எழுதியிருந்துச்சு?" என்றாள் நாஸியா. சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நல்லகாமன் தலையைச் சொறிந்தார்.

"எனக்கென்ன தெரியும் ஒச்சம்மா? போடச் சொன்னாக, போட்டேன்."

சமையற்காரியும் குதிரைக்காரனும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். படியிறங்கும்போது ஒப்புக்கொண்டேன், கோகுல்நாத் சார் பெருமையடித்ததில் தப்பே இல்லை. அந்த இருபத்து நாலாம் பக்கத்தை எங்கள் கம்பெனி எழுத்துப் பிசகாமல் நகல் எடுத்திருந்தது.