கிட்னி மேல் போட்ட பழி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிறுநீரகம் கொடுத்த மனைவியின் மேல் நான் அபாண்டமாகப் பழி போட்டேன். அதுவும் ஒரு மிளகாய் பஜ்ஜியைக் காப்பாற்றுவதற்காக.

தொண்ணூறுகளின் நடுவில் மதுரையில் எனக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். கொடுத்தவள் கோமதி. அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியன். (தவளையை அறுத்து, 'இதோ பாருங்கள், சிறுநீரகம்' என்று பையன்களுக்குக் காட்டியவன். இது பின்னால் தேவைப்படும்.)

வந்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியன் என்று விரட்டிவிடாமலிருக்க வேளை தவறாமல் மாத்திரைகள். அவை எனக்கு அசுரப் பசியைக் கொடுத்தன. தின்றதை நெஞ்சுக்குள் எரியவும் விட்டன. எரிச்சலுக்கென்று டாக்டர் தனியாக ஒரு மாத்திரை எழுதினார். உறைப்பும் எண்ணெயும் ஆகாது, சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, கேட்காமல் வேறு மருந்து எதையும் தொடக் கூடாது என்றார். கோமதி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாள். 'சாயங்காலம் கொஞ்ச தூரம் நடங்கள்' என்றதை மட்டும் நான் மனப்பாடம் செய்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு பஜ்ஜிக் கடை இருந்தது.

"சார்வாள் மெலிஞ்சுட்டியளே! சூடா இருக்கு, இன்னொண்ணு வைக்கட்டா?" என்பார் கடை அண்ணாச்சி. (மாத்திரையால் என் முகம் பூசணிக்காயாக உப்பியிருந்த காலம் அது.)

வீடு திரும்பினால் நெஞ்சில் தீ. மருந்துக்கடையில் புளித்த ஏப்பத்துக்கென்று ரோஸ் நிறத்தில் ஒரு திரவம் விற்றார்கள். அதை ஜிப்பாப் பையில் ஒளித்துவைத்து, மாத்திரைகளை விழுங்கிய கையோடு யாருக்கும் தெரியாமல் இரண்டு மடக்குக் குடித்துக்கொள்வேன்.

ஒருநாள் முக்கூடலிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏலே, பத்தியச் சாப்பாடுதான சாப்பிடுத? பொறவு எப்படி எரியுது?"

பஜ்ஜி என்று சொல்ல நாக்கு எழவில்லை. எழுந்தது இதுதான்: "கோமதிக்குச் சூட்டு உடம்புல்லா அக்கா. அவ கிட்னிதான உள்ள இருக்கு."

"அப்படிச் சொல்லு! சோடிக் கிட்னி அவகிட்டதான கெடக்கு? அவ உறைப்பா தின்னா இங்கன எரியாதா? அவ கோவப்பட்டா இங்கன கொதிக்காதா?"

அதெல்லாம் இல்லை அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விலங்கியல் ஆசிரியன் தலையை ஆட்டினான்.

அடுக்களை வாசலில் நின்ற கோமதி எல்லாவற்றையும் கேட்டாள். அன்றிலிருந்து அவள் மிளகாயைத் தொடவில்லை. என்னைத் திட்டுவதையும் நிறுத்திவிட்டாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் பேசாமல் எடுத்துக் காயப்போடுவாள். கோபம் வந்தால் அடுக்களைக்குள் போய் ஒரு செம்பு மோர் குடித்துவிட்டு வருவாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் (வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்) எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. ஒரு பஜ்ஜி இரண்டாயிற்று.

அக்கா மகனுக்குக் கல்யாணம் வந்தது. மறுநாள் பெண் வீட்டார் போட்ட மறுவீட்டு விருந்து. எங்கள் பக்கத்து வழக்கப்படி அன்றைக்குச் சொதிதான்: தேங்காய்ப் பாலில் காய்கள் வெந்த குழம்பு, கூடவே இஞ்சிப் பச்சடி. கோமதி அதற்குச் சொத்தையே எழுதிவைப்பாள். அன்று இலையைக் கையால் மறைத்துக்கொண்டு, "எனக்கு மோர்ச்சோறு போதும்" என்றாள்.

"இவ சாப்பிட்டா அவனுக்கு எரியும்" என்று பந்திக்கே விளக்கம் சொன்னாள் அக்கா.

அந்த 'அவன்' எதிர் வரிசையில் மூன்றாவது தடவையாகச் சொதி வாங்கிக்கொண்டிருந்தான். வழித்து அள்ள நன்றாகக் குனிந்தேன். ஜிப்பாவின் மேல் பையில் மூடி சரியாகத் திருகாத பாட்டில். ரோஸ் திரவம் கொழகொழவென்று இறங்கிச் சொதியில் கலந்து இலை முழுக்கப் பரவியது.

"இதென்னலே, ரோஸ் பாயசம்?" என்றாள் அக்கா.

"நாங்க போடலயே!" என்று பதறினார் பெண்ணின் அப்பா.

கோமதி எழுந்து வந்து பாட்டிலை எடுத்துப் பார்த்தாள்.

"டாக்டர் தந்தது இல்லையே. எதுக்கு இது?"

"எரிச்சலுக்கு."

"எரிச்சல் எதுக்கு?"

பந்தியே கையை இலையில் வைத்தபடி காத்திருந்தது.

"பஜ்ஜி" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். கோமதி சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "என் கிட்னி நல்லாருக்கா?" என்று மட்டும் கேட்டாள். என்னைப் பற்றிக் கேட்கவே இல்லை.

மறுநாளே மதுரை. ரத்தத்தைச் சோதித்ததில், சிறுநீரகம் கொஞ்சம் தடுமாறத் தொடங்கியிருந்தது தெரிந்தது. 

"அந்த மருந்தை மாத்திரையோட சேர்த்தா குடிப்பாங்க? மாத்திரை ரத்தத்துல சேராமப் போயிடும் சார். நடுவுல நேரம் விடணும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார் டாக்டர்.

கோமதிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "நான் உறைப்பு சாப்பிட்டா இவுகளுக்கு எரியுமா டாக்டர்?"

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சார் காலேஜ்ல என்ன பாடம் எடுக்கார்?"

"விலங்கியல்" என்றாள் கோமதி.

திரும்பும் பஸ்ஸில் கோவில்பட்டி வரை அவள் வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தாள். திருநெல்வேலி வரை மூடவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார். இத்தனை வாரமாக மோரில் கரைத்துக் குடித்ததெல்லாம் வெளியே வந்தது. அதைக் கேட்கக் கேட்க எனக்கு ஏனோ உயிர் வந்தது.

மருந்தை டாக்டர் சரிசெய்தார். சிறுநீரகமும் பெரிய மனதுடன் நிலைக்கு வந்தது. எனக்குத்தான் மனம் அடங்கவில்லை. அதே உறவுக்காரர்களை வீட்டுக்கு அழைத்துச் சொதி வைக்கச் செய்தேன். முதல் கரண்டியைக் கோமதியின் இலையில் நானே ஊற்றி, எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "அவ கிட்னி மேல ஒரு குத்தமும் இல்ல. பொய் சொன்னது நான்."

"பைய ஊத்துங்க, இலை கிழியுது" என்றாள் கோமதி. மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்றும் எங்கள் வீட்டுப் பந்தியில் எவராவது ஏப்பம் விட்டால், "உமக்கு உள்ள யார் கிட்னிவே இருக்கு?" என்று நாலு பேர் கேட்பார்கள். நடைக்கு நான் இப்போது தனியாகப் போவதில்லை; கோமதியும் வருகிறாள். அந்தக் கடை முன்னால் நின்று தனக்கு மட்டும் ஒரு மிளகாய் பஜ்ஜி வாங்கி, நிதானமாக மென்று முடித்துவிட்டு, மிகுந்த அக்கறையோடு என்னைக் கேட்பாள்:

"என்னங்க, எரியுதா?"