பெரட்டு ஐயாவும் நாலாம் நம்பர் போல்ட்டும்

உலகத்தில் காரைக் கழற்றிப் பூட்டியவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். போல்ட்டுகளுக்குப் பெரட்டு வைத்த ஒரே மனிதர், இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையை நடத்திய டீமேக்கர்தான். காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது: பெரட்டு ஐயா.

தன் பழைய காரைத் தன் வீட்டு வாசலிலேயே பிரிப்பார். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அகப்பட்டவர் கையில் திணித்து, நம்பர் சொல்லி நிற்க வைப்பார்.

“தட்டுல போட்டா கலந்துரும் மாஸ்டர். ஆளு கையில குடுத்தா, ஆளு கலக்குமா?” என்பார். நான் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். இருந்தும் நானும் கை நீட்டிப் போல்ட்டை வாங்கிக்கொள்வேன்.

ஒருமுறை சக்கரத்து நட்டோடு ஒரு கங்காணி கொத்மலைக்குப் பெண் பார்க்கப் போய்விட்டார். அவர் திரும்பும்வரை கார் கல்லின் மேல் தவம் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒழுகிக்கொண்டிருந்த வாட்டர் பம்பை மாற்ற உட்கார்ந்தார். நாலு போல்ட், நாலு பேர். நான் மூன்றாம் நம்பர். அப்போதுதான் என் நிறைமாத மனைவிக்கு வலி எடுத்துவிட்டதாக ஆள் ஓடி வந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் காரும் தோட்டத்து லொறியும் வெளியே போயிருந்தன. மிச்சமிருந்தது வாய் பிளந்து கிடந்த இந்தக் கார்தான்.

“அம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க, பூட்டிர்றேன். போல்ட்ட மட்டும் குடுத்துட்டு ஓடுங்க!” என்று விரட்டினார் பெரட்டு ஐயா.

நான் மனைவியைத் தாங்கிக்கொண்டு வந்தபோது புதுப் பம்பில் மூன்று போல்ட் ஏறியிருந்தது.

“நாலு!” என்று கத்தினார். நாலாம் நம்பர் கோயில் பூசாரி. பூசைக்கு நேரமாகிவிட்டதென்று போல்ட்டோடு போய்விட்டார்.

பெரட்டு ஐயா வேதக்காரர், கிறிஸ்தவர். கோயில் பக்கம் எட்டிப் பார்க்காதவர், ஸ்பேனரோடு தீபாராதனைக்கு நடுவில் போய் நின்றார்.

“நாலாம் நம்பர்!”

கற்பூரத் தட்டை இறக்காமலே பூசாரி, “இருக்கேங்க! இடுப்புல பாருங்க!” என்றார்.

போல்ட் ஏறியது, பெல்ட் ஏறியது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் ரேடியேட்டருக்கு வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

“பம்ப் தாங்குமாங்க?” என்றேன்.

“தாங்கலைன்னா நான் தூக்கிக்கிட்டு ஓடுறேன். ஏறுங்க!”

ஆஸ்பத்திரிவரை தாங்கியது; பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தாயும் தங்கியிருக்க மாட்டாள், பிள்ளையும் தங்கியிருக்காது என்றார் டாக்டர். வெளியே வந்து அதை அப்படியே சொன்னேன். பெரட்டு ஐயா கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஊரே கிறுக்கர் என்று சிரித்த அந்த மனிதரை ஆஸ்பத்திரி வாசலில் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என் வெள்ளை வேட்டி சட்டை கெட்டுப் போனது, போகட்டும். எனக்கு வீடு என்று ஒன்று இருப்பதே அவரால்தான்.