கப்பலில் வந்த வண்டியும் கலவை மெஷினும்

நான் அதிகம் பேச மாட்டேன். அதனால் நிறைய யோசிக்கிறேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. பேசாமல் இருக்கும்போது நான் வெறுமனே பேசாமல்தான் இருக்கிறேன். உள்ளே ஒன்றும் ஓடாது. இது தெரியாமல் வண்டி வாங்கும் பொறுப்பை வீட்டில் என்னிடம் விட்டார்கள்.

எனக்குக் கட்டட வேலை. கோவிலம்பாக்கத்தில் மேஸ்திரி என்று கேட்டால் என்னைக் காட்டுவார்கள். (வேறு ரெண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களையும் காட்டுவார்கள்.) கான்கிரீட் கலக்கும் மெஷின் ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறேன். ரெண்டு சக்கரம், பெரிய வயிறு. தானாக நகராது. எதிலாவது மாட்டி இழுக்க வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் வாடகை டிராக்டருக்குக் காத்திருப்பேன். டிராக்டர்காரர் அவருக்குத் தோன்றும்போது வருவார்.

ஒரே வண்டியாக வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். குடும்பமும் ஏற வேண்டும், மெஷினையும் இழுக்க வேண்டும்.

அப்போது என் மகள் கவிதாவுக்குப் பெருங்களத்தூரில் ஓர் இடம் பேசியிருந்தோம். பையனின் அப்பா ஏகாம்பரம் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பூலம் இன்னும் மாற்றவில்லை. அதற்குள் அவர் வீட்டு மாடி கட்டும் வேலையை என்னிடமே கொடுத்தார்.

"மொதல்ல தளம் போடுங்க மேஸ்திரி. மத்தத அப்புறம் பேசுவோம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பில் எனக்கு நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் கவிதாவும் பையனும் போனில் பேச ஆரம்பித்திருந்தார்கள். பேசி முடித்து வரும்போது அவள் முகத்தைப் பார்த்தால் போதும். இந்த இடம் கைவிட்டுப் போகக் கூடாது.

என் மனைவி செல்வியின் தம்பி தாமு லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவனைக் கூட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் பழைய வண்டி விற்கிற இடத்துக்குப் போனேன். ரெண்டு வண்டி ஒரே விலைக்கு நின்றன. ஒன்று நம்மூர் ஜீப். முழுக்க இரும்பு. பின்னால் அடிச்சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் வைத்த கொக்கி. தாமு அதன்மேல் ஏறிக் குதித்தான். வண்டி அசையவில்லை.

"இத வாங்கு மாமா. யானையக் கட்டி இஸ்துகினு போலாம்."

இன்னொன்று வெளிநாட்டு வண்டி. முத்து வெள்ளை. கண்ணாடி பொத்தானில் ஏறி இறங்கும். கதவு சத்தமே இல்லாமல் மூடும். தாமு அதன் பின் பம்பரை ஒரு தட்டு தட்டினான்.

"தட்டாத தம்பி, பெயிண்ட் போயிடும்!" என்று கடைக்காரர் ஓடிவந்தார். "கப்பல்ல வந்த வண்டி சார் இது."

"தட்டுனாலே பெயிண்ட் போற வண்டி, மெஷின எப்டி மாமா இஸ்க்கும்?"

நியாயமான கேள்வி. ஆனால் நான் இந்த வண்டியில் போய் இறங்கினால் ஏகாம்பரம் எப்படிப் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (அன்றைக்கு உள்ளே ஓடியது அது ஒன்றுதான்.) கப்பலில் வந்ததை வாங்கினேன்.

அதில் கொக்கி இல்லை. மேடவாக்கத்தில் ஒரு வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். வெல்டர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"அண்ணா, இது பிளாஸ்டிக் பம்பர். வெல்டிங் வெச்சா உருகிடும்."

"நட்டு போட்டு மாட்டு."

"மாட்டலாம்ணா. சும்மா அழகுக்கு. சைக்கிள் கீது கட்டிக்கலாம். வெயிட்டா எதுவும் மாட்டிடாதீங்க, இன்னா?"

தலையாட்டினேன். கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம். செய்கிறேன் என்று அர்த்தம் இல்லை. அவருக்கு அது தெரியாது.

தளம் போடும் நாள் ஞாயிற்றுக்கிழமை. நல்ல நேரம் முடிவதற்குள், காலை எட்டரைக்குள் முதல் சட்டி கலவை விழ வேண்டும். பெண் வீட்டுக்காரர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று செல்வி பூ, பழம், வெற்றிலை, ஒரு தார் வாழைப்பழம் எல்லாம் தட்டுத் தட்டாக வாங்கிப் பின் சீட்டில் அடுக்கினாள். பின் கண்ணாடி மறைந்துவிட்டது. பக்கக் கண்ணாடிகள் மடங்கியிருந்தன. விரிக்கும் பொத்தான் எது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

மெஷினைக் கொக்கியில் மாட்டி, அதற்கும் ஒரு சாமந்தி மாலை போட்டுக் கிளம்பினோம். நான், செல்வி, கவிதா. தாமு பைக்கில் பின்னால் வந்துகொண்டிருந்தான். மேடவாக்கம் சிக்னலில் அவன் மாட்டிக்கொண்டான், நான் முன்னால் போய்விட்டேன்.

செம்பாக்கத்தில் ஒரு வேகத்தடை. வண்டி ஒரு குதி குதித்தது. அதற்குப் பிறகு காற்றுமாதிரிப் போனது.

"பாத்தியா? பின்னாடி மெஷின் கீதுன்னே தெரியல. அதான் பாரின்."

"ஆமாய்யா. இப்பதான் நல்லாப் போவுது" என்றாள் செல்வி. அந்த வண்டியை அவள் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

சட்டைப் பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"எடுப்பா" என்றாள் கவிதா.

"வண்டி ஓட்றப்ப போன் எடுக்கக் கூடாது."

சட்டத்தை மதிக்கிற அப்பா. பெருமையாக இருந்தது. கிழக்குத் தாம்பரம் தாண்டி, பாலம் ஏறி, பெருங்களத்தூர் வரைக்கும் அந்தப் பெருமை குறையவில்லை.

ஏகாம்பரம் வாசலில் நின்றார். பக்கத்தில் பையன். இருபது ஆட்கள் சட்டியும் மம்பட்டியுமாகத் தயார். நான் வெள்ளை வேட்டியில் இறங்கிக் கதவைச் சாத்தினேன். சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்.

"மெஷின அவுத்து ஓரமா நிறுத்துங்க."

யாரும் அசையவில்லை.

"இன்னா நிக்கிறீங்க? அவுங்க."

"எத்த மேஸ்திரி?" என்றாள் சித்தாள் முனியம்மா.

ஏகாம்பரம் வண்டியைச் சுற்றி வந்தார். பழைய பழக்கம். ஒவ்வொரு டயரையும் காலால் தட்டினார். பின்பக்கம் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"மேஸ்திரி, மெஷின் எங்க?"

"பின்னாடி."

"பின்னாடி பம்பரே இல்ல மேஸ்திரி."

போய்ப் பார்த்தேன். பம்பர் இருந்த இடத்தில் ரெண்டு ஒயர் தொங்கியது. நம்பர் பிளேட்டும் இல்லை. போனை எடுத்தேன். பதினோரு தடவை தாமு கூப்பிட்டிருந்தான்.

"மாமா! உன் மெஷினு செம்பாக்கத்துல கீது. எளநீக் கடையாண்ட மட்ட குமிச்சி வெச்சிருந்தான் இல்ல, அதும்மேல ஏறிக் குந்திகினு கீது."

"யாருக்கானா அடி?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. எளநீக்காரர்தான் மாலையப் பாத்துட்டுக் கும்புட்டுகினு கீறாரு. போலீஸ்காரர் ஒருத்தரு வந்து, நம்பர் கீது, வண்டி எங்கன்னு கேக்குறாரு. இன்னா சொல்ல?"

"வரும்னு சொல்லு."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கவிதா மட்டும் பார்க்கவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். மணி எட்டு ஐந்து.

நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். முனியம்மாவிடமிருந்து மம்பட்டியை வாங்கினேன். தரையில் தகரம் விரிக்கச் சொல்லி, மணலைக் கொட்டி, சிமெண்டைப் பிரித்து, ஜல்லியைச் சேர்த்துக் கையாலேயே கலந்தேன். மெஷின் வாங்குவதற்கு முன்னால் அப்படித்தான் கலந்துகொண்டிருந்தேன். நாலு ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். வெள்ளை வேட்டி சாம்பல் வேட்டி ஆனது. எட்டு இருபத்தைந்துக்கு முதல் சட்டி மேலே போனது. ஏகாம்பரத்தின் மனைவி மஞ்சள் குங்குமம் வைத்து அதைத் தளத்தில் கொட்டினார்.

ஏகாம்பரம் தெரிந்த தண்ணீர் லாரி டிரைவருக்குப் போன் போட்டார். ஒன்பதரைக்கு லாரி வந்தது. பின்னால் என் மெஷின். அதன் முன்னால் வெள்ளைப் பம்பர் மீசை மாதிரி தொங்கியது. நம்பர் பிளேட் அதிலேயே இருந்தது. மெஷின்மேல் தாமு உட்கார்ந்திருந்தான்.

"இந்த வண்டி பரவால்ல மாமா. நல்லா இஸ்க்குது" என்றான்.

சாயங்காலம் நாலு மணிக்குத் தளம் முடிந்தது. மட்டம் பார்த்தேன். சரியாக இருந்தது. ஆட்கள் பிரியாணிக்கு உட்கார்ந்தார்கள். நான் ஜல்லிக் குவியல் பக்கம் ஒதுங்கி நின்றேன். ஏகாம்பரம் மாடிக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"கை கழுவிட்டு வாங்க சம்மந்தி. பிரியாணி ஆறுது."

காலையிலிருந்து மேஸ்திரியாக இருந்தேன். செல்வி என்னைப் பார்த்தாள். நான் கையைப் பார்த்தேன். கழுவினேன்.

மறுவாரம் அந்த வண்டியைக் கொடுத்துவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். கடைக்காரர் பம்பரைப் பார்த்தார். நான் ஜீப்பின் கொக்கியைப் பார்த்தேன்.

கல்யாணம் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஜீப்பில் ஏற்றிப் பெருங்களத்தூர் வீட்டுக்கு நான்தான் ஓட்ட வேண்டும். வண்டியைக் கிளப்பினேன். ஏகாம்பரம் மண்டப வாசலில் கையை நீட்டி நிறுத்தினார். முன்னூறு பேர் நின்றார்கள்.

"சம்மந்தி! ஒருவாட்டி எறங்கிப் பாத்துட்டுக் கெளம்புங்க. பொண்ணு பின்னாடி இருக்குதா?"

மண்டபமே சிரித்தது. இன்றுவரைக்கும் ரெண்டு வீட்டிலும் யார் எங்கே கிளம்பினாலும், காய் வாங்கக் கிளம்பினாலும்கூட, இதைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

நான் இறங்கினேன். சுற்றிப் போய்ப் பார்த்தேன். இருந்தாள். மாலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர, சிரித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வண்டி எடுத்தேன்.