மண்ணெண்ணெயார் மின்சாரக் காருக்குக் காத்திருந்த கதை

இந்தக் குடாநாட்டிலேயே, இன்னும் வாங்காத காருக்குச் சந்தனப்பொட்டு வைத்த ஒரே மனிதர் எங்கள் மண்ணெண்ணெயார்தான். கார் இல்லையே, பொட்டை எங்கே வைத்தார் என்று கேட்பீர்கள். காரைச் சார்ஜ் பண்ணுவதற்கென்று வீட்டு முன்சுவரில் ஒரு பெரிய பிளக் பூட்டுவித்திருந்தார். அதற்குத்தான் பொட்டு. வெள்ளிக்கிழமைகளில் ஒரு செவ்வரத்தம்பூவும் உண்டு. வழியால் போகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் போவார்கள்.

அவருக்கும் பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், அதை யாரும் பாவித்ததில்லை. கலியாணக் கார்டிலேயே 'மண்ணெண்ணெயார் குடும்பம்' என்று எழுதி வரும். அவரும் மனங்கோணாமல் போய், முதல் பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டு வருவார். போர்க்காலத்தில் வடக்குக்குப் பெற்றோல் வராமல் நின்றபோது, வாடகைக்கு ஓடிய தன் பழைய இங்கிலாந்துக் காரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர் அவர். நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு இயந்திரத்தை ஏமாற்றி எழுப்புவார். அது கண் விழித்ததும் மண்ணெண்ணெயைக் கொடுத்துவிடுவார். அந்த நாளில் வேறு பலரும் அப்படித்தான் ஓட்டினார்கள். ஆனால் பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் மண்ணெண்ணெயிலேயே ஓட்டியவர் இவர் ஒருவர்தான். கேட்டால், காருக்கு அந்த ருசி பழகிவிட்டது, திடீரென்று மாற்றினால் வயிறு கெட்டுவிடும் என்பார்.

உண்மையில் வயிறு கெட்டது அவருடைய மனைவி பரமேஸ் அக்காவுக்கு. அதுவும் கலியாணத்தன்றே.

கலியாணம் அரியாலையில், பெண் வீட்டில் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் பொம்பிளையும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதைக் கால்மாறிப் போவது என்போம். அதற்கும் நல்ல நேரம் பார்த்துத்தான் புறப்பட வேண்டும். தன் கலியாணத்துக்குத் தன் காரையே கொண்டுபோயிருந்தார் மண்ணெண்ணெயார். கார் அன்றைக்குப் பார்த்து எழும்ப மறுத்தது. பட்டுவேட்டியை மடித்துக் கட்டி, தலைப்பாகையோடு இயந்திரத்துக்குள் தலையை விட்டு, அவர் அதைக் கெஞ்சி எழுப்புவதற்குள் நல்ல நேரம் போய் ராகுகாலம் தொடங்கிவிட்டது. நல்லூருக்குக் கிட்ட ஒரு வேப்பமரச் சந்தியில், காருக்குள் நிறைந்திருந்த மண்ணெண்ணெய் மணத்தில் பொம்பிளைக்குத் தலை சுற்றியது. இறங்கி வேப்பமரத்தடியில் சத்தி எடுத்துவிட்டு, இனி இதற்குள் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மிச்சத் தூரத்தைக் கூறைச்சேலையோடு தம்பியாரின் சைக்கிள் கரியரில் குந்தியிருந்து வந்தார் பரமேஸ் அக்கா. பின்னால் மாலையும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை, வெறுங்காரை ஊரவிட்டுக்கொண்டு வந்தார். ஒழுங்கை முகப்பில் நின்று வேடிக்கை பார்த்த சின்னப் பெடியங்களில் நானும் ஒருவன். ஆலாத்தித் தட்டோடு வாசலில் நின்ற பெண்களுக்கு அதைச் சைக்கிளுக்கு எடுப்பதா காருக்கு எடுப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து அக்கா எந்தக் காரிலும் ஏறியதில்லை. தூரப் பயணமென்றால் பஸ்ஸில் யன்னலோரம், மூக்கருகே ஒரு தேசிக்காயை, எலுமிச்சையைத்தான் சொல்கிறேன், பிடித்துக்கொண்டு போவார். கிட்ட என்றால் சைக்கிள். மகன் பிறப்பதற்கு ஆஸ்பத்திரிக்குப் போனதே மாட்டு வண்டிலில்தான். அப்போதும் பின்னால் மண்ணெண்ணெயார் வெறுங்காரோடு போனார். ஊரையெல்லாம் ஏற்றி இறக்கிய மனிதருக்குத் தன் மனைவியைப் பக்கத்தில் இருத்தி ஓடக் கொடுத்துவைக்கவில்லை. அவருக்கு வாழ்க்கையில் இருந்த குறை அது ஒன்றுதான். அந்தக் குறைக்குக் காரணம் எது என்பதில் மட்டும் இருவரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அவர் ராகு என்பார். அக்கா மண்ணெண்ணெய் என்பார்.

நோர்வேயில் இருக்கும் மகன் மின்சாரக் கார் வாங்கி, அதைப் படம் பிடித்து அனுப்பினான். மண்ணெண்ணெயார் படத்தைப் பார்த்துவிட்டு மகனிடம் கேட்டது ஒரே கேள்வி, மணக்குமா என்று. மணக்காது, புகையே இல்லை என்றான் மகன். அன்று பின்னேரமே பிளக் பூட்ட ஆள் வந்துவிட்டது. ஒழுங்கைக்கு அவர் சொன்ன காரணம் வேறு. எரிபொருள் வரிசையில் தலையணையோடு படுத்துக் கிடந்த காலம் போதும், இனி விஞ்ஞானத்தோடு போகப் போகிறேன் என்றார். அவர் விஞ்ஞானத்தோடு அல்ல, பரமேஸ் அக்காவோடு போகத்தான் ஆசைப்படுகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தோம்.

பிளக் வந்துவிட்டது, கார் வர வழியில்லை. முதலில் கப்பலில் வாகனம் இறக்க அரசாங்கத் தடை. தடை நீங்கிய பிறகும், அவர் ஆசைப்பட்ட காரைச் செய்யும் கம்பனி எங்கள் நாட்டில் இன்னும் ஓடர் எடுக்கத் தொடங்கவில்லை. அவர்களுடைய இணையப் பக்கத்தில் 'வெளிநாட்டுச் சந்தைகள்' என்று போட்டு நாடுகளின் பெயர்கள் இருந்தன. ஓடர் திறந்த நாடுகள் பச்சை. எங்கள் நாடு சாம்பல் நிறத்தில், பக்கத்தில் 'விரைவில்' என்று கிடந்தது. அதை வாசித்துக் காட்டியபோது மண்ணெண்ணெயாருக்கு மனம் விட்டுப்போனது.

"நாங்களோ வெளிநாடு?" என்றார். "அவங்களெல்லே தம்பி வெளிநாடு. நாங்கள் இஞ்சைதானே இருக்கிறம்."

வாசித்துக் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்குக் காரணம், நான் எதிர்வீட்டில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பு வேலை செய்வதுதான். வீட்டிலிருந்து வேலை செய்பவன் வேலையில்லாதவன் என்று எங்கள் ஒழுங்கை முடிவுகட்டி வெகுகாலம். விடிந்ததும் மண்ணெண்ணெயார் குளித்து, திருநீறு பூசி, என் வாசற் படலையைத் திறந்துகொண்டு வருவார். "பச்சையோ தம்பி?" என்பார். சாம்பல்தான் அண்ணை என்பேன். திருநீற்று நிறந்தானே, பிழையில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டு போவார். போகப்போக ஒழுங்கை முழுவதும் தொற்றிக்கொண்டது. மீன்காரர் மீனை நிறுக்கும்போது பச்சையோ என்று கேட்டார். கோயில் ஐயர் விபூதியைத் தந்துவிட்டு அதையே மெல்லிய குரலில் விசாரித்தார். ஒருநாள் நேபாளம் பச்சையாகிவிட்டது. மண்ணெண்ணெயார் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மலையில் ஏறி இறங்குகிறவர்களுக்கு முதலில் கொடுக்கிறார்கள், பாய் விரித்த மாதிரி மட்டமான றோட்டு வைத்திருக்கிற எங்களை மறந்துவிட்டார்கள் என்பது அவருடைய துக்கம்.

கொழும்பில் இருந்த முகவர் நிலையத்துக்கும் போன் எடுப்பித்தார். பேசிய பெண்பிள்ளை நல்ல பொறுமைசாலி. கரண்ட் போனால் அவசரத்துக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஓடலாமா என்று இவர் கேட்க, அந்தப் பிள்ளை விட இடமே இல்லை என்று பதில் சொன்னது. போனை வைத்துவிட்டு 'விட இடமே இல்லையாம்' என்றார். எதையும் ஊற்ற ஒரு வழியில்லாத காரை எப்படி நம்புவது என்று எனக்குமே அன்று சந்தேகம் வந்துவிட்டது.

காத்திருந்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. மின்சாரக் கார் சத்தமில்லாமல் வரும், ஒழுங்கை நாய்களுக்கு அது பழக்கமில்லை, பாய்ந்துவிடும் என்று கவலைப்பட்டார். ஆகவே நாய்களுக்குப் பயிற்சி. பழைய காரில் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருப்பார். இயந்திரம் நிறுத்தப்பட்டிருக்கும். பின்னால் தள்ளுவது நான். பின்னேரங்களில் அப்படிச் சத்தமில்லாமல் ஒழுங்கையில் போய்வருவோம். நாய்கள் முதலில் காரைப் பார்த்துக் குரைத்தன. பிறகு வழிவிடப் பழகிக்கொண்டன. மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துக் குரைப்பதை மட்டும் அவை விடவில்லை. பரமேஸ் அக்கா படலையில் நின்று பார்த்து, தம்பிக்கு ஏதேன் குடிக்கக் குடுக்கட்டோ என்று கேட்பார்.

ஒருவழியாகக் கம்பனியிடமிருந்து அறிவித்தல் வந்தது. எங்கள் நாட்டுக்கு ஓடர் திறக்கிறார்கள், வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு. முதற் கப்பலில் கொஞ்சக் கார்கள்தான். அது தவறினால் அடுத்த கப்பல் எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. நான் துள்ளிக் குதித்தேன். மண்ணெண்ணெயாரின் முகம் வெளிறிவிட்டது.

"வெள்ளி பத்தரையோ? தம்பி, உது சரியா ராகுகாலம் தொடங்கிற நேரமெல்லே."

"அண்ணை, அவையளுக்கு ராகுகாலம் தெரியாது."

"அவைக்குத் தெரியாது. ராகுவுக்கு என்னைத் தெரியும்."

நேரத்தைப் பன்னிரண்டு மணிக்குத் தள்ளிவைக்கும்படி கம்பனிக்கு எழுதச் சொன்னார். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான மொழிபெயர்ப்பு அதுதான். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது என்று இயந்திரம் போட்ட பதில் ஒன்று உடனே வந்தது. 'பாத்தியோ, முக்கியமாம்' என்று இரண்டு நாள் நம்பிக்கையோடு திரிந்தார்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு எங்கள் நாடு பச்சையானது. மகன் அனுப்பிய விபரமெல்லாம் நிரப்பி, கடைசிப் பொத்தானை அமத்துவது மட்டும்தான் மிச்சம். மண்ணெண்ணெயார் என் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு வரைக்கும் விட மாட்டாராம். திரையில் முதற் கப்பலின் இடங்களைக் காட்டும் பட்டை என் கண்முன்னாலேயே தேய்ந்துகொண்டு போனது. நான் கெஞ்சினேன். மிரட்டினேன். அக்காவை நினைத்துப் பாருங்கள் என்றேன். அவளை நினைத்துத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். ஒருதரம் ராகுகாலத்தில் ஏற்றி அவளை வேப்பமரத்தடியில் இறக்கியது போதும் என்று சொல்லி, பிடியை இன்னும் இறுக்கினார்.

அப்போதுதான் பரமேஸ் அக்கா வந்தார். தேங்காய் துருவிக்கொண்டிருந்த கையோடு, துருவிய பூ ஒட்டியபடியே வந்திருந்தார். திரையைப் பார்த்தார். அவருடைய மனிதர் என் கையைப் பிடித்திருப்பதைப் பார்த்தார். எதை அமத்துவது என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். என்னை எழும்பச் சொல்லிவிட்டு, என் கதிரையில் இருந்து, தானே அமத்தினார்.

"ராகு உங்களுக்கு," என்றார் புருசனிடம். "எனக்கு மண்ணெண்ணெய்தான். இவ்வளவு காலமும் பொறுத்தனான். இனி இன்னொரு கப்பலுக்குப் பொறுக்கேலாது."

சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறதென்று போய்விட்டார். மண்ணெண்ணெயார் அப்போதுதான் என் மணிக்கட்டை விட்டார்.

"அப்ப அவளுக்கும் ஆசை இருந்திருக்குது, தம்பி," என்றார். பிறகு என் கணினியில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவைத் தானே துடைத்துவிட்டார்.

கார் வந்து சேரும்வரை அவர் நிம்மதியாக இருக்கவில்லை. கடலில் காற்றடித்தால் ராகு, துறைமுகத்தில் சுணங்கினால் ராகு. ராகுவின் கையையெல்லாம் தட்டிவிட்டு அது ஒருநாள் எங்கள் ஒழுங்கைக்குள் சத்தமில்லாமல் வந்தது. நாய்கள் ஒழுங்காக ஒதுங்கி நின்றன. கோயிலடியில் சில்லுகளுக்குக் கீழ் தேசிக்காய் வைத்து நசித்து, பூசை முடிந்தது. அக்கா கிட்டப் போய், கதவால் தலையை மட்டும் உள்ளே விட்டு மணந்து பார்த்தார். புதுச் செருப்புப் பெட்டி மாதிரி மணக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

புதுக் காரின் நாலு கதவுகளையும் திறந்து மாமரத்தின் கீழே விட்டுக் காற்று வாங்கவைத்த மனிதரை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். அதுவும் பகல் முழுக்க, ஒரு கிழமையாக. பின் சீற்றில் அயல்வீட்டுக் கோழி ஒன்று முட்டையிட்டது. மண்ணெண்ணெயார் அதைத் துரத்தவில்லை. கோழிக்கு மணக்காவிட்டால் அவளுக்கும் மணக்காது என்று கணக்குப் போட்டார்.

விட்டுப்போன பயணத்தை அது புறப்பட்ட இடத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்றார். நல்ல நாளில், காலையிலேயே அக்கா பஸ்ஸில் அரியாலைக்குத் தம்பியார் வீட்டுக்குப் போய்விட்டார். நானும் அவரும் காரில் போய் இறங்கினோம். நல்ல நேரம் தொடங்கியதும் மண்ணெண்ணெயார் முன்கதவைத் திறந்து பிடித்தார்.

"இஞ்சரும், ஏறும்," என்றார்.

அக்கா ஏறினார். பின் சீற்றில் நான், ஒரு கையில், சத்தி வந்தால் பிடிக்க, சொப்பிங் பையும் மறு கையில் இரண்டு தேசிக்காயுமாக, தயார்நிலையில் இருந்தேன். நல்லூருக்குக் கிட்ட அந்தச் சந்தி வந்தது. வேப்பமரம் இன்னும் நிற்கிறது. அதைக் கண்டதும் மண்ணெண்ணெயார் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். கார் மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போய் நிற்கப் பார்த்தது. அக்கா மரத்தைப் பார்த்தார். பிறகு தன் மனிதரைப் பார்த்தார்.

"நிப்பாட்டாதேங்கோ," என்றார். "போங்கோ."

போனோம். ஒழுங்கை முகப்பில் பெண்கள் ஆலாத்தித் தட்டோடு நின்றார்கள். இந்தமுறை எதற்கு எடுப்பது என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கண்ணைத் துடைக்க மாட்டாமல் அவர் ஸ்டியரிங்கையே பிடித்துக்கொண்டிருக்க, அக்கா தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டார். இறங்கவில்லை, இன்னும் ஒரு சுற்றுப் போவோம் என்றார். என்னை இறக்கிவிட்டு இருவருமாகப் போனார்கள்.

அந்த மனிதரை நான் இத்தனை கேலி செய்தும், கார் வந்தபின் பச்சையோ என்று கேட்க அவர் வராவிட்டாலும், விடிந்தால் அவர் படலையைத் திறக்கும் சத்தத்துக்கு என் காது இப்போதும் காத்திருக்கிறது. தேவைப்படாத அந்தத் தேசிக்காய்கள் இரண்டும் காய்ந்துபோய் என் மேசையில் கிடக்கின்றன. எறிய மனம் வரவில்லை.